6.7-ஆ, 7.0-ஆ? இரத்தப் பரிசோதனை எண்ணைக் காக்கும் சிறிய மின்சுற்று

காலையில் வெறும் வயிற்றோடு கிளினிக்கில் காத்திருந்து இரத்தம் கொடுக்கிறோம். மறுநாளோ அடுத்த வாரமோ ஒரு தாள் கைக்கு வருகிறது. அதில் இருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் பேசுகிறார். மாத்திரை தொடங்குவதா, கூட்டுவதா, உணவுக் கட்டுப்பாட்டோடு இன்னும் 3 மாதம் பொறுத்துப் பார்ப்பதா என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது.

மலேசிய இந்தியர்களுக்கு இந்த எண் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே முக்கியம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சர்க்கரை அளவு கூடுதலாக இருந்தது. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. ஏறக்குறைய மூவரில் ஒருவர். புதிதாக டயாலிசிஸ் தொடங்கும் நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இனிப்புநீர் நோயே காரணம்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஒரு விளக்கிலிருந்து வருகிறது. ஆய்வகக் கருவிக்குள் ஒரு சிறிய விளக்கு எரிகிறது. அதன் வெளிச்சம் நம் இரத்த மாதிரியைக் கடந்து போகிறது. கடந்து வந்த வெளிச்சத்தை அளந்துதான் கருவி எண்ணைச் சொல்கிறது. அளக்கும் நேரத்தில் விளக்கு கொஞ்சம் மங்கினாலும் எண் மாறிவிடும். அப்படி மாறாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைச் செய்வது பின்னூட்டச் சுற்று. ஆங்கிலத்தில் ‘ஃபீட்பேக் சர்க்கியூட்’ என்பார்கள். அது எப்படி வேலை செய்கிறது, எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதை எளிமையாகப் பார்ப்போம்.

நிறத்தைப் பார்த்துக் கணக்கிடும் கருவி

தேநீர் கடையில் ‘தே ஓ’ கொஞ்சம் திக்காக இருக்கிறதா, லைட்டாக இருக்கிறதா என்பதைக் கிளாஸைப் பார்த்தவுடன் சொல்லிவிடுகிறோம். சாயம் கூடினால் நிறம் கறுக்கும். கிளாஸைத் தாண்டி வரும் வெளிச்சம் குறையும். ஆய்வகக் கருவி செய்வதும் இதுதான். கண்ணுக்குப் பதில் ஓர் ஒளி உணரி இருக்கிறது. மதிப்பீட்டுக்குப் பதில் கணக்கு இருக்கிறது.

இரத்தத்தை முதலில் சுழற்றி, சிவப்பணுக்களைப் பிரித்து, மேலே நிற்கும் மஞ்சள் நிறத் திரவத்தை எடுக்கிறார்கள். அதோடு ஒரு வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். சர்க்கரையைப் பார்க்கும் ஒரு முறையில், சர்க்கரை எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப இளஞ்சிவப்பு நிறம் உருவாகும். இன்னொரு முறையில் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் நடக்கும். அதை 340 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புற ஊதா ஒளியால் அளப்பார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினைப் பார்க்கும் பழைய முறையில் ஆரஞ்சு நிறம் வரும். எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே. உள்ளே போன ஒளி எவ்வளவு, வெளியே வந்த ஒளி எவ்வளவு என்று ஒப்பிடுவது.

இந்த ஒப்பீட்டைக் கருவி ‘உறிஞ்சளவு’ என்ற கணக்காக மாற்றுகிறது. 100 பங்கு ஒளி போய் 10 பங்கு வெளியே வந்தால் உறிஞ்சளவு 1. 50 பங்கு வந்தால் ஏறக்குறைய 0.3. 79.4 பங்கு வந்தால் 0.1. உறிஞ்சளவு இரண்டு மடங்கானால் பொருளின் அளவும் இரண்டு மடங்கு. இந்த நேரான உறவுதான் கணக்கை எளிதாக்குகிறது.

ஒரு விழுக்காடு என்ன செய்யும்?

கருவி முதலில் மாதிரி இல்லாத வெறும் திரவத்தின் வழியே ஒளியைச் செலுத்தி, அதை 100 என்று வைத்துக்கொள்கிறது. பிறகு மாதிரியை அளக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையே விளக்கு 1 விழுக்காடு மங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

வெளியே வரவேண்டியது 79.4 பங்கு. விளக்கு மங்கியதால் வருவது 78.6 பங்கு. விளக்கு மங்கியது கருவிக்குத் தெரியாது. மாதிரிதான் கூடுதலாக ஒளியை உறிஞ்சிவிட்டது என்று அது எடுத்துக்கொள்ளும். உறிஞ்சளவு 0.100-க்குப் பதில் 0.104-க்கும் சற்று மேலாகிவிடும். விளக்கில் 1 விழுக்காடு குறைந்ததற்கு, முடிவில் 4.4 விழுக்காடு கூடிவிட்டது.

இப்போது இதைத் தாளில் வரும் எண்ணாக்கிப் பாருங்கள். வெறும் வயிற்றில் லிட்டருக்கு 6.7 மில்லிமோல் சர்க்கரை உள்ள ஒருவருக்கு 4.4 விழுக்காடு கூடினால் 7.0 என்று வரும். நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியில் 6.1 முதல் 6.9 வரை இனிப்புநீருக்கு முந்திய நிலை, 7.0-உம் அதற்கு மேலும் இனிப்புநீர் நோய். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு மறுபடியும் பரிசோதித்த பிறகே உறுதி செய்வார்கள் என்பது உண்மை. ஆனாலும் கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதைக் கண்ணுக்கே தெரியாத ஒரு மங்கல் மாற்றிவிட முடியும். வீட்டில் விளக்கு 1 விழுக்காடு மங்கினால் நம்மில் யாருக்கும் தெரியாது.

நிறம் மிக மெல்லியதாக இருக்கும்போதுதான் இந்தத் தவறு இவ்வளவு பெரிதாகும். அடர்ந்த நிறத்தில் அதே 1 விழுக்காட்டின் பாதிப்பு குறையும். உறிஞ்சளவு 0.3 என்றால் தவறு 1.5 விழுக்காடுதான். அதனால் எல்லா நேரமும் இப்படி ஆகும் என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் கருவியைச் செய்பவர் மோசமான நிலையையும் எண்ணிப் பார்த்துத்தான் செய்யவேண்டும்.

விளக்கு ஏன் ஒரே மாதிரி எரிவதில்லை?

பல கருவிகளில் இருப்பது 12 வோல்ட்டில் எரியும் சிறிய ஹாலஜன் விளக்கு. பழைய கார் முன்விளக்கில் இருந்தது போன்ற வகைதான். அதற்குள் டங்ஸ்டன் கம்பிச் சுருள் ஒன்று வெள்ளையாகக் காய்ந்து ஒளிர்கிறது. அதன் வெளிச்சத்தை மூன்று விஷயங்கள் மாற்றுகின்றன.

முதலாவது, மின்னழுத்தம். நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது 10 விழுக்காடு கூடவோ 6 விழுக்காடு குறையவோ இடமுண்டு. அதாவது 216-லிருந்து 253 வோல்ட் வரை. பக்கத்தில் பெரிய குளிர்சாதனம் ஓடத் தொடங்கினால் ஒரு கணம் விளக்கு மினுங்குவதைப் பார்த்திருப்போம். டங்ஸ்டன் விளக்கு இந்த மாற்றத்தைப் பெரிதாக்கிக் காட்டும். அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தம் 1 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் 3 விழுக்காட்டுக்கு மேல் குறையும்.

இரண்டாவது, வெப்பம். கருவியைப் போட்டவுடன் விளக்கும், அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் சூடேறிக்கொண்டே இருக்கும். சூடு நிலைக்கு வரும்வரை வெளிச்சமும் நகர்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் ஆய்வகத்தில் கருவியைப் போட்டு 15 நிமிடமோ அரை மணி நேரமோ விட்டுவிட்டே அளக்கத் தொடங்குவார்கள். ஹாலஜனுக்குப் பதில் எல்.இ.டி. விளக்கு இருந்தால் கதை எதிர்மாறானது: சூடு ஏற ஏற அதன் வெளிச்சம் குறையும்.

மூன்றாவது, வயது. டங்ஸ்டன் கம்பி எரிய எரியத் துளித்துளியாக ஆவியாகி மெலிகிறது. கண்ணாடிக் குமிழும் நாளடைவில் தெளிவை இழக்கும்.

மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தினால் போதாதா?

முதலில் தோன்றும் வழி அதுதான். விளக்குக்குப் போகும் மின்னழுத்தத்தை அசையாமல் வைத்துக்கொண்டால் வெளிச்சமும் அசையாது அல்லவா? 1941-இல் அமெரிக்காவில் அர்னால்டு பெக்மனின் நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற ‘டியூ’ நிறமாலை ஒளிமானி, விளக்குக்குக் கார் பேட்டரி போன்ற சேமிப்பு பேட்டரியைப் பயன்படுத்தியது. சுவர் மின்சாரத்தைவிட பேட்டரி நிலையானது என்பதே காரணம். இன்று மின்னழுத்தத்தை மிகத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுகள் மலிவாகவே கிடைக்கின்றன.

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. மின்னழுத்தம் அசையாமல் இருந்தாலும் விளக்குக்கு வயதாகிறது, சூடேறுகிறது, குமிழ் மங்குகிறது. விளக்குக்கு என்ன கொடுக்கிறோம் என்பதை மட்டும் பார்த்து, விளக்கு என்ன தருகிறது என்பதைப் பார்க்காமல் விட்டால் இந்த மாற்றங்கள் தெரியவே தெரியாது. ஆகவே பார்க்கவேண்டியது வெளிச்சத்தைத்தான்.

பின்னூட்டம் என்றால் என்ன?

காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா நோக்கி ஏறுகிறீர்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகவேண்டும் என்பது உங்கள் முடிவு. மேடு வந்ததும் வேகமானி 80-க்கு இறங்குகிறது. உடனே காலை இன்னும் கொஞ்சம் அழுத்துகிறீர்கள். மேடு முடிந்து இறக்கம் வந்ததும் வேகமானி 95-ஐக் காட்டுகிறது. காலைத் தளர்த்துகிறீர்கள்.

இதில் மூன்று வேலைகள் நடக்கின்றன. வேகமானியைப் பார்ப்பது அளத்தல். 90-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை உணர்வது ஒப்பிடுதல். காலை அழுத்துவதும் தளர்த்துவதும் திருத்தல். மேடு எவ்வளவு செங்குத்தானது, காரில் எத்தனை பேர், காற்று எந்தப் பக்கம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. வேகம் குறைந்தால் கூட்டு, கூடினால் குறை, அவ்வளவுதான்.

கிடைத்த விளைவை மறுபடியும் தொடக்கத்துக்கே கொண்டுபோய் ஊட்டுவதால் தமிழில் இதற்குப் பின்னூட்டம் என்று பெயர். மாற்றம் எந்தப் பக்கம் நடந்ததோ அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளுவதால் இந்த வகையை எதிர்ப் பின்னூட்டம் என்பார்கள்.

செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. நாரையும் ஓட்டையும் எரித்து நீராவி எடுத்து, அந்த நீராவியால் டர்பைனைச் சுழற்றி ஆலை தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. பிழியும் இயந்திரங்கள் ஒன்றாக ஓடத் தொடங்கினால் சுமை ஏறி டர்பைனின் வேகம் குறையும். உடனே ‘கவர்னர்’ என்ற பாகம் நீராவி வால்வைக் கூடுதலாகத் திறக்கும். 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்தில் சுழலும் இரண்டு குண்டுகளை வைத்துச் செய்த வேகக் கட்டுப்பாட்டின் வழிவந்ததுதான் அது.

கருவிக்குள் நடப்பது

விளக்குக்கும் இதே மூன்று வேலைகள்தான். விளக்கிலிருந்து மாதிரியை நோக்கிப் போகும் ஒளியின் பாதையில் சாய்வாக ஒரு மெல்லிய கண்ணாடித் தகடு வைக்கப்படுகிறது. பெரும்பகுதி ஒளி அதைக் கடந்து மாதிரிக்குப் போய்விடும். ஒரு சிறு பகுதி மட்டும் பக்கவாட்டில் திரும்பி இன்னோர் ஒளி உணரியின் மேல் விழும். இந்த உணரி மாதிரியைப் பார்ப்பதே இல்லை. விளக்கை மட்டும் கண்காணிக்கும் காவல்காரன் அது.

அந்த உணரி பொதுவாக சிலிக்கானால் ஆன ‘போட்டோ டயோட்’. ஒளி இரண்டு மடங்கானால் அது தரும் மின்னோட்டமும் இரண்டு மடங்காகும். இந்த நேர்மைதான் அதன் சிறப்பு. ஆனால் மின்னோட்டம் மிகச் சிறியது. அதனால் ஒரு பெருக்கி அதைப் பெரிதாக்கி மின்னழுத்தமாக மாற்றுகிறது. விளக்கு சரியான அளவில் எரியும்போது அது 2.500 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். அளத்தல் முடிந்தது.

அடுத்தது ஒப்பிடுதல். சுற்றில் இன்னொரு பாகம் எப்போதும் 2.500 வோல்ட்டை மட்டும் தந்துகொண்டிருக்கும். காராக் சாலையில் நாம் மனத்தில் வைத்த ‘90’ போன்றது இது. ஒப்பிடும் பெருக்கி இரண்டையும் பார்த்து வித்தியாசத்தை எடுக்கிறது.

விளக்கு 4 விழுக்காடு மங்கினால் உணரியின் பக்கம் 2.400 வோல்ட்தான் இருக்கும். வித்தியாசம் 0.100 வோல்ட். அந்த வித்தியாசம் பெரிதாக்கப்பட்டு, விளக்குக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டரைத் திறக்கும். கூடுதல் மின்னோட்டம் பாயும். விளக்கு பிரகாசமாகும். உணரி 2.500-ஐ நெருங்க நெருங்க வித்தியாசம் சுருங்கும். திருத்தல் முடிந்தது. விளக்கு கூடுதலாகப் பிரகாசித்தால் இதே வேலை தலைகீழாக நடக்கும்.

இந்தத் திருத்தம் எவ்வளவு வலுவானது? சுற்றை ஒரு முறை சுற்றிவரும்போது பெருக்கம் 100 மடங்கு என்றால், எந்தத் தொந்தரவும் 101-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 4 விழுக்காடு மங்கல் 0.04 விழுக்காடாகிவிடும். வித்தியாசத்தை நேரத்தோடு கூட்டிக்கொண்டே போகும் இன்னொரு பாகத்தைச் சேர்த்தால், வித்தியாசம் பூச்சியமாகும்வரை திருத்தம் நிற்காது.

பெருக்கிகளில் எதிர்ப் பின்னூட்டம் என்ற இந்த எண்ணம் 1927 ஆகஸ்ட் 2-ஆம் நாள் ஹரோல்ட் பிளேக் என்ற அமெரிக்கப் பொறியாளருக்குத் தோன்றியது. பெல் ஆய்வகத்துக்கு வேலைக்குப் போகும் வழியில், படகில் இருந்தபடியே கையிலிருந்த நாளிதழின் பக்கத்தில் அதை வரைந்து வைத்தார். தொலைபேசிப் பெருக்கிகளின் கோளாறைக் குறைக்கப் பிறந்த எண்ணம் பிறகு எல்லா அளவுக் கருவிகளுக்குள்ளும் புகுந்தது. சிடி பிளேயருக்குள் இருக்கும் லேசரும் இப்படித்தான் காக்கப்படுகிறது. லேசரின் பின்னாலேயே ஒரு சிறு உணரி உட்கார்ந்து வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவசரப்பட்டால் ஆட்டம்

அப்படியென்றால் பெருக்கத்தை ஆயிரம், லட்சம் என்று கூட்டிவிடலாமே? முடியாது. கம்பிச் சுருள் சூடேறவும் ஆறவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். சுற்று மின்னோட்டத்தைக் கூட்டிய உடனே வெளிச்சம் கூடாது. பொறுமையில்லாத சுற்று ‘இன்னும் வரவில்லையே’ என்று மேலும் கூட்டும். பிறகு வெளிச்சம் அளவுக்கு மீறி ஏறும். உடனே அதிகமாகக் குறைக்கும். விளக்கு ஏறி இறங்கி ஆடத் தொடங்கிவிடும். சுடுதண்ணீர்க் குழாயை அவசரமாகத் திருப்பி, ஒருமுறை சுட்டு, ஒருமுறை குளிர்ந்து அவதிப்படுவதும் இதே காரணத்தால்தான்.

தோட்டத்து லயங்களுக்கு டீசல் ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் வந்த காலத்தை மூத்தவர்கள் நினைத்துப் பார்க்கலாம். கவர்னர் சரியாக இல்லாத இயந்திரம் ‘ஊம்... ஊம்...’ என்று ஏறி இறங்கி ஓடும். அதோடு சேர்ந்து வீட்டுக் குண்டு பல்பும் மங்கிப் பிரகாசிக்கும். அங்கும் திருத்தம் இருந்தது. ஆனால் நிதானம் இல்லை. நல்ல சுற்றை வடிவமைப்பவர், விளக்கு எவ்வளவு வேகத்தில் பதில் சொல்லுமோ அதற்கேற்பவே சுற்றின் வேகத்தை அமைப்பார்.

இன்னொரு வழியும் உண்டு

எல்லாக் கருவிகளும் விளக்கைத் திருத்துவதில்லை. சிலவற்றில் விளக்கை அதன் போக்கில் விட்டுவிட்டு, காவல் உணரி சொல்லும் அளவால் மாதிரியின் அளவை வகுத்துவிடுவார்கள். விளக்கு 1 விழுக்காடு மங்கினால் இரண்டு பக்கமும் 1 விழுக்காடு குறையும். வகுத்தால் மாற்றம் தெரியாது. இரட்டைக் கதிர்க் கருவி என்பது இந்த வழியில் வந்தது. கணப்பொழுதில் மின்னி மறையும் செனான் விளக்கு ஒவ்வொரு மின்னலிலும் கொஞ்சம் மாறும் என்பதால், அதற்கு இந்த வழியே பொருத்தம். பல கருவிகளில் நிலையான மின்சாரம், பின்னூட்டம், வகுத்தல் ஆகியவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தே இருக்கும்.

சுற்று எதைக் காக்காது?

இனிதான் முக்கியமான விஷயம். பின்னூட்டச் சுற்று உண்மையைக் காப்பதில்லை. தன் உணரி பார்ப்பதை மட்டுமே காக்கிறது.

உங்கள் காரின் வேகமானி 10 கிலோமீட்டர் குறைவாகக் காட்டினால் என்ன ஆகும்? நீங்கள் 90 என்று நம்பி, ஆட்டமே இல்லாமல் 100-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். காவல் உணரியின் மேல் தூசு படிந்தாலும் அதேதான். விளக்கு மங்கிவிட்டது என்று சுற்று நினைத்து மின்னோட்டத்தைக் கூட்டும். டங்ஸ்டன் விளக்குக்கு இது ஆபத்து. மின்னழுத்தத்தை 5 விழுக்காடு குறைத்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்; கூட்டினால் அதே வேகத்தில் ஆயுள் சுருங்கும். அதனால்தான் மின்னோட்டம் ஓர் எல்லையைத் தாண்டாதபடி பூட்டு வைத்திருப்பார்கள். கருவியின் மூடி திறந்திருந்து அறை வெளிச்சம் உணரியில் விழுந்தால், விளக்கு கூடிவிட்டது என்று எண்ணிச் சுற்று அதை மங்கவைக்கும்.

நிறமும் ஏமாற்றும். கம்பிச் சுருளின் சூடு மாறினால் ஒளியின் அளவு மட்டுமல்ல, நிறக் கலவையும் மாறும். சூடு ஏறினால் நீலப் பக்கம் கூடும். காவல் உணரி மொத்த ஒளியை மட்டும் பார்த்து ‘எல்லாம் சரி’ என்று சொல்லும்போது, 340 நானோமீட்டரில் மட்டும் ஒளி மாறியிருக்கலாம். ஆகவே அளக்கப்படும் அதே நிறத்தைக் காவல் உணரியும் பார்க்கும்படி அமைப்பதே நல்லது.

விளக்குக்கு வயதாகிக்கொண்டே போகும்போது சுற்று அமைதியாக மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே வரும். வெளியே எந்த மாற்றமும் தெரியாது. ஒருநாள் எல்லையைத் தொட்டுவிடும். அதற்குமேல் கூட்ட முடியாது. வெளிச்சம் சரியத் தொடங்கும். நல்ல கருவி அதற்கு முன்பே ‘விளக்கை மாற்றுங்கள்’ என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை மதித்து நேரத்தோடு மாற்றுவது மனிதர் வேலை.

அதனால்தான் மனிதர்களும் வேண்டும்

நம் மாதிரிகளை அளப்பதற்கு முன் ஆய்வக ஊழியர்கள் வேறொரு திரவத்தை அளக்கிறார்கள். அதில் சர்க்கரையும் கிரியேட்டினினும் எவ்வளவு இருக்கின்றன என்பது ஏற்கெனவே தெரியும். கருவி அந்த எண்ணைச் சொன்னால்தான் நோயாளிகளின் மாதிரிகள் உள்ளே போகும். ஒவ்வொரு நாளின் எண்ணையும் ஒரு வரைபடத்தில் புள்ளியாக வைப்பார்கள். 1950-இல் லீவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் ஆய்வகங்களுக்குக் கொண்டுவந்த முறை இது. புள்ளிகள் பல நாளாக ஒரே பக்கம் சரிந்துகொண்டே போனால், விளக்கோ மருந்தோ உணரியோ ஏதோ ஒன்று நகர்கிறது என்று அர்த்தம்.

இதைக் கவனித்தால் இதுவும் பின்னூட்டமே என்பது தெரியும். அளத்தல், ஒப்பிடுதல், திருத்தல். கருவிக்குள் இருப்பது விளக்கைக் காக்கும் சிறு வட்டம். அதற்கு வெளியே ஆய்வகம் நடத்துவது பெரிய வட்டம். சிறு வட்டம் தவறினால் பெரிய வட்டம் பிடிக்கவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

இரத்தம் கொடுக்கும் நாம் கருவியைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் சில விஷயங்களைக் கவனிக்கலாம்.

ஒன்று, பழைய தாள்களைப் பத்திரமாக வைத்திருங்கள். முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். 6.8, பிறகு 7.0, பிறகு 6.9 என்றால் பெரிய மாற்றமில்லை. 6.2, 6.6, 7.1 என்று ஏறிக்கொண்டே போனால் அது பேசவேண்டிய விஷயம். ஓர் எண்ணைவிட எண்களின் வரிசை அதிகம் சொல்லும்.

இரண்டு, தனியார் ஆய்வகம் என்றால் அது எம்.எஸ். ஐ.எஸ்.ஓ. 15189 தரத்தின்கீழ் அங்கீகாரம் பெற்றதா என்று கேட்கலாம். மருத்துவ ஆய்வகங்களுக்கான இந்த அங்கீகாரத்தை மலேசியத் தரநிர்ணயத் துறை வழங்குகிறது. கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

மூன்று, இரத்தம் எடுத்த பிறகு அது ஆய்வகம் போய்ச் சேரும் நேரம். தோட்டப்புறத்தில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். குழாயில் நிற்கும் இரத்தத்தில் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். தடுப்பு மருந்து இல்லாத சாதாரணக் குழாயில், அறை வெப்பத்தில், மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை சர்க்கரை குறைந்துவிடும். தோட்டத்துக் கிளினிக்கில் எடுத்த இரத்தம் பட்டணத்துக்குப் போய்ச் சேர 2 மணி நேரம் ஆனால், 7.5 இருப்பவருக்கும் 7-க்குக் கீழே வரலாம். விளக்கு எவ்வளவு உறுதியாக நின்றாலும் இதைத் திருத்த முடியாது. அதனால்தான் சர்க்கரைக்கென்று சாம்பல் நிற மூடி போட்ட தனிக் குழாய் இருக்கிறது. ‘எப்போது அனுப்புவீர்கள், எந்தக் குழாயில் எடுத்தீர்கள்’ என்று மரியாதையாகக் கேட்பது தவறில்லை.

நான்கு, வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கும் கருவியை இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. அவற்றில் பெரும்பாலானவை இன்று ஒளியால் அளப்பதில்லை. பட்டையில் உண்டாகும் சிறு மின்னோட்டத்தால் அளக்கின்றன. வீட்டுக் கருவியும் ஆய்வகமும் கொஞ்சம் மாறுபட்டு எண் சொன்னால் பதறவேண்டாம். நோய் உண்டா இல்லையா என்று முடிவு செய்வது ஆய்வக எண்ணை வைத்துத்தான்.

எண்ணில் சிறு தவறு வர வழியுண்டு என்பதை, ‘மிஷின் தப்பா காட்டியிருக்கும்’ என்று சொல்லி மாத்திரையைத் தள்ளிப்போடக் காரணமாக்கிக்கொள்ளக்கூடாது. சந்தேகம் இருந்தால் செய்யவேண்டியது ஒன்றுதான்: மறுபடியும் அளந்து பார்ப்பது. கருவிக்குள் இருக்கும் அந்தச் சிறு சுற்று நாள் முழுவதும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. இனிப்புநீர் உள்ளவர் 3 மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுத்து, எண்ணைப் பார்த்து, சாப்பாட்டையும் மாத்திரையையும் சரிசெய்துகொள்வதும் அதே வேலைதான். அடுத்த பரிசோதனைக்கு உங்களுக்குக் கொடுத்த தேதியைத் தவறவிடாதீர்கள்.